ராஸியின் பெயர் நமக்கு, ராஸியின் வேலை யாருக்கு?

மீலாது மேடைகளிலும் மதரஸா ஆண்டு விழாக்களிலும் நம் சொற்பொழிவாளர்கள் சொல்லத் தவறாத பெயர்கள் சில உண்டு. அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி, இப்னு சீனா, அஸ்-ஸஹ்ராவி, இப்னுந் நஃபீஸ். ஐரோப்பா இருளில் கிடந்த நாளில் பக்தாதின் மருத்துவமனைகளில் விளக்கெரிந்தது என்பார்கள். உலகுக்கு மருத்துவம் கற்பித்த சமுதாயம் இது என்பார்கள். கூட்டம் மகிழும்; தக்பீர் முழங்கும். மறுநாள் காலையில் அந்தக் கூட்டத்தில் இருந்தோரில் பாதிப்பேர் சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போவார்கள். அந்த மாத்திரையை யார் சோதித்தார், எந்த நாட்டு நோயாளிகளிடம் சோதித்தார், நம் உடலுக்கும் அதே அளவு பொருந்துமா என்று கேட்பார் ஒருவருமிலர்.

மேடையில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பக்தாதில் அளுதி மருத்துவமனையைக் கட்ட இடம் பார்க்கச் சொன்னபோது ராஸி நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டாராம். எங்கே இறைச்சி கடைசியாகக் கெட்டதோ அந்த இடமே காற்றுத் தூய்மையான இடம் என்று தேர்ந்தாராம். அழகான கதை. ஆனால் ராஸி மறைந்தது ஏறத்தாழ 925ஆம் ஆண்டில். அளுதுத் தவ்லாவின் பெயரால் அமைந்த அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது 982இல். நடுவே அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி! இந்தப் பொருத்தமின்மையை 13ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ சுட்டிக்காட்டிவிட்டார். எழுநூறு ஆண்டுக்கு முந்திய நம்மவர் ஒருவர் சரிபார்த்துத் தள்ளியதை நாம் இன்றும் சரிபாராமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சோதித்து அறிந்தவரைப் புகழ்வதற்குச் சோதியாத கதையா கிடைத்தது?

ராஸி உண்மையில் செய்தது அந்தக் கதையினும் பெரிது. மூளைச் சவ்வு வீங்கும் ஸிர்ஸாம் என்னும் கொடிய நோயின் முன்குறிகள் தோன்றும்போது இரத்தம் வடித்தால் நோய் தடுக்கப்படும் என்பது அந்நாளைய மருத்துவர்களின் நம்பிக்கை. ராஸி ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் வடித்தார். மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே வடிக்காமல் விட்டார். இரு சாராருக்கும் என்ன நேர்ந்தது என்பதைக் குறித்து வைத்தார். அக்குறிப்பு அவருடைய 'அல்-ஹாவி'யில் இன்றும் இருக்கிறது. அவருடைய முடிவு இக்கால அறிவுக்கு ஒவ்வாது. இரத்தம் வடிப்பதால் அந்நோய் தீராது என்பதை இன்று அறிவோம். முடிவு தவறாயிருக்கலாம்; கேட்ட முறை சரியானது. ஒரு சிகிச்சை பயன் தந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதைப் பெறாதவர்களின் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு மருத்துவருக்குத் தோன்றியிருக்கிறது. மருத்துவத்தின் பேராசானாகிய ஜாலீனூஸ் மீது ஐயங்களை எழுப்பி ஒரு தனி நூலே அவர் எழுதினார். அக்காலத்தில் அதற்கு எத்தனை துணிவு வேண்டும்!

அவர் பாடம் நடத்திய விதத்தை இப்னுந் நதீம் எழுதி வைத்திருக்கிறார். மாணவர்கள் வட்டம் வட்டமாக அமர்வார்கள். நோயாளி வந்தால் வெளி வட்டத்தார் முதலில் விசாரிப்பார்கள். அவர்களுக்கு விளங்காவிட்டால் உள்வட்டத்தார். அவர்களுக்கும் விளங்காதபோதுதான் ராஸி வாய் திறப்பார். நோயாளியை நடுவில் வைத்து நடந்த கல்வி அது. இன்றைய மருத்துவக் கல்லூரி வார்டுகளில் பேராசிரியரைச் சூழ்ந்து மாணவர் நிற்பதும் அதே அமைப்புத்தான். ஆனால் விளங்காத நோய் ஒன்று வந்தால் அங்கே விளங்கவில்லை என்று சொல்லி அதை ஆராயப் புகுவார் எத்தனை பேர்?

இன்னொரு பெயரையும் பார்ப்போம். இதயத்தின் வலப்புறத்திலிருந்து இரத்தம் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு இடப்புறம் போகவில்லை, நுரையீரல் வழியாகவே போகிறது என்று 1242இல் எழுதினார் இப்னுந் நஃபீஸ். எழுதிய ஏடு நூலகங்களில் உறங்கியது. அதை எழுப்பியவர் யார்? ஓர் எகிப்திய மருத்துவ மாணவர். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக 1924இல் அவர் கொடுத்த ஆய்வேட்டினால்தான் அச்செய்தி மருத்துவ உலகின் காதில் விழுந்தது. முஹ்யித்தீன் அத்-தத்தாவி என்ற அவருடைய பெயரை எந்த மீலாது மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாம் பெருமையடிக்கும் பொருளையே ஒரு மாணவனின் ஆய்வேடு தேடித் தர வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் சமுதாயத்தில் மருத்துவப் படிப்புக்கு இருக்கும் மதிப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை பிறந்த அன்றே 'டாக்டர்' என்று பெயர் வைத்துவிடும் வாப்பாக்கள் உண்டு. வளைகுடாவில் வெயிலில் வெந்து சேர்த்த பணம் இடத்துக்குப் போகிறது. பற்றாததற்கு உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. படித்து வந்த பிறகு டாக்டர் மாப்பிள்ளைக்குக் கைக்கூலி பேசும் வெட்கக்கேட்டையும் காண்கிறோம். இத்தனை செலவு செய்து பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கல்லூரியைப் பற்றி என்ன விசாரிக்கிறார்கள்? கட்டணம் எவ்வளவு, விடுதியில் ஹலால் சாப்பாடு உண்டா, தொழுகைக்குப் பள்ளி அருகில் உண்டா, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு எப்படி. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. எதையும் குறை சொல்லவில்லை. ஆனால், "இந்தக் கல்லூரியின் பேராசிரியர்கள் கடந்த 10 ஆண்டில் எதையாவது கண்டறிந்திருக்கிறார்களா?" என்று கேட்ட தகப்பன் எவரையேனும் நீங்கள் அறிவீர்களா?

கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2005 முதல் 2014 வரையிலான 10 ஆண்டுகளில் இந்திய மருத்துவ நிறுவனங்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை டாக்டர் சமிரன் நந்தியும் அவருடைய தோழர்களும் எண்ணிப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். 579 நிறுவனங்களில் 332 நிறுவனங்கள் அந்தப் பத்தாண்டில் ஒரே ஒரு கட்டுரையைக்கூட வெளியிடவில்லை! நூற்றுக்கு 57 கல்லூரிகள். நாட்டின் மொத்த ஆய்வில் நூற்றுக்கு 40 பங்கை வெறும் 25 நிறுவனங்கள் தந்தன. எஞ்சியவை கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கின்றன. புத்தகத்தில் பிறர் எழுதியதை அடுத்த தலைமுறைக்கு ஒப்பிக்கின்றன. அதைச் செய்ய டியூஷன் வாத்தியார் போதுமே!

இதற்கு மாற்று என்று அதிகாரிகள் கண்ட வழி இன்னும் வேடிக்கையானது. ஆசிரியர் பதவி உயர்வு பெற வேண்டுமானால் இத்தனை கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். உடனே பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் பத்திரிகைகள் புற்றீசல்போல் கிளம்பின. பட்ட மேற்படிப்பு மாணவன் ஆய்வேடு எழுதியே தீர வேண்டும் என்பது பழைய விதி. அந்த ஏடுகளில் பெரும்பாலானவை சிவப்பு அட்டை கட்டித் தங்க எழுத்துப் பொறித்துத் தூசி படியும் அலமாரிக்குப் போகின்றன. தலைப்பை வழிகாட்டி சொல்கிறார், கணக்கை வெளியாள் போட்டுத் தருகிறான், மாணவன் கையெழுத்திடுகிறான். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை வேண்டுமா? கேள்வி எழாத இடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் பொய்தான் எழும்.

இங்கே ஓர் எதிர்ப்புக் குரல் எழும் என்பதை அறிவேன். "எங்கள் ஏழைகளைச் சோதனை எலிகளாக்கப் பார்க்கிறீரா?" என்பார்கள். இந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை 40 ஆண்டுக் காலம் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே, உண்மையைச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தது அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறை! நம் நாட்டிலும் 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டத்தின்போது, விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகளுக்காகப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதே, ஒப்புதல் வாங்கிய முறை கெட்டது.

ஆகவே அஞ்சுங்கள்; ஆனால் அஞ்ச வேண்டியதைச் சரியாகப் பார்த்து அஞ்சுங்கள். ஒழுங்கான ஆராய்ச்சியில் அறநெறிக் குழு உண்டு, எழுத்தில் ஒப்புதல் உண்டு, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு, தீங்கு நேர்ந்தால் இழப்பீடு உண்டு. நம் மொழியில் அச்சிட்ட தாளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்கும்வரை கேளுங்கள். விளங்காவிட்டால் கையெழுத்திடாதீர்கள். ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள்: எவரும் எங்கும் ஒப்பிட்டுப் பாராத ஐந்தாறு மருந்துகளை ஒரே சீட்டில் எழுதித் தரும் டாக்டரிடம் நாம் வாய் திறவாமல் வாங்கி விழுங்குகிறோமே, அது சோதனை இல்லையா? ஒப்புதல் தாள் இல்லாத, குறித்து வைக்காத, யாருக்கும் பயன்படாத சோதனை அது. எலியாக இருப்பது அங்கேதான்.

ஆராய்ச்சி ஏழைக்கு என்ன செய்தது என்று கேட்போர் சென்னை சேத்துப்பட்டுக்குப் போகட்டும். 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்து நடத்தியவை. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சில ஆயிரம் படுக்கைகள். இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. கிடைக்காதவன் வீட்டில் இருமிக்கொண்டு கிடந்தான். வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நெருக்கமான குடிசையில், அரைவயிற்றுச் சோற்றில் நோய் எப்படி ஆறும், வீட்டாருக்கெல்லாம் தொற்றாதா என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இரு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. வாதிட்டுத் தீர்க்கக்கூடிய வழக்கா இது?

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்குச் சீட்டுப் போடுவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டர் தம் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. இல்லாவிட்டால் தேறுவார் என்று தோன்றுகிறவரை ஒரு பக்கம் தள்ளிவிடுவார் அல்லவா? ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போயிற்று, மற்றது வீட்டுக்கு. மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோநயாசிட்டும் பாஸும், ஓராண்டு. 1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வேறுபாடு சிறிது. வீட்டில் கிடந்தவர்களின் உண்டி மோசம், ஓய்வு குறைவு, இடமோ நெருக்கடி, அப்படியிருந்தும்! சிகிச்சை தொடங்கிய பின் அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. மருந்து ஒழுங்காகச் சென்றால் படுக்கை தேவையில்லை என்பது நிலைபெற்றது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அந்தச் சென்னை ஆய்வு பெரும் காரணமாயிற்று. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்காமல் காசநோயை ஆற்றலாம் என்று உலகுக்குக் கற்பித்தவர்கள் சென்னைக் குடிசைவாசிகள். மேடையில் சொல்லத்தக்க பெருமை இது; யார் சொல்கிறார்கள்?

அதே நோயில் கேள்வி அத்துடன் முடியவில்லை. சத்துணவு நோய் வராமல் தடுக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடியவர்களில் முன்னின்றவர் டாக்டர் அனுராக் பார்கவா. மங்களூரில் முஸ்லிம் குடும்பம் ஒன்று நிறுவிய ஏனெப்போயா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர். சேத்துப்பட்டு நிறுவனமும் உடன் நின்றது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள்; எவரையும் பட்டினி போட்டுப் பார்க்கவில்லை. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் போயின. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. 2023இல் 'லான்செட்' ஏடு வெளியிட்டது. எந்திரமில்லை, மாயமில்லை, அரிசி, பருப்பு, தராசு, நோட்டுப் புத்தகம். நம் செல்வர்கள் எழுப்பிய கல்லூரி ஒன்றிலிருந்து இப்படியொரு பணி எழ முடியும் என்றால், ஆராய்ச்சிக்குப் பணமில்லை, வசதியில்லை என்ற சாக்கை இனி யார் சொல்வது? நோயாளிக் கூட்டம் தாங்கவில்லை, நேரமில்லை என்பார்கள். அந்தக் கூட்டம்தான் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏங்கும் செல்வம்.

பிற நாட்டார் கண்டதை நாம் வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அமெரிக்காவில் நீரிழிவு வரும் எல்லையில் நின்றவர்களுக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும் கற்பித்தபோது, நோய் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்ததாக 2002இல் வெளியிட்டார்கள். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் மூன்றாண்டு அதே முயற்சியைச் செய்து 2006இல் வெளியிட்டார்கள். இங்கே குறைந்தது 28.5 பங்கே. ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றாண்டுக்குள் நோய் வந்துவிட்டது. மெட்பார்மின் மருந்தை அமெரிக்கர் நாளொன்றுக்கு 1700 மில்லிகிராம் கொடுத்தார்கள். நம்மவர்க்கு 500 மில்லிகிராமே ஏறக்குறைய அதே அளவு பயன் தந்தது. உடல் வேறு, உணவு வேறு, நோயின் வேகம் வேறு. அளவெடுக்காமல் பிறர் சட்டையை மாட்டிக்கொண்டால் எப்படிப் பொருந்தும்? 2023இல் வெளியான கணக்கின்படி இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல்.

அந்தப் பத்துக் கோடியில் நம் வீடுகளுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. அதை வேறு யாரும் நமக்காகக் கேட்க மாட்டார்கள். ரமலான் பிறை கண்டதும் நம் பெரியவர்கள் நோன்பு பிடிக்கிறார்கள். "உம்மா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, மார்க்கம் சலுகை தந்திருக்கிறது" என்று மகன் சொன்னால், "நாற்பது வருஷமாக விட்டதில்லை வாப்பா, இந்த வருஷம் விடச் சொல்கிறாயா?" என்கிறாள் தாய். நோயாளிக்கு இறைமறை தந்த சலுகை அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தான் அந்த நோயாளியா என்பதை யார் சொல்வது? டாக்டர் ஒரே சொல்லில் "நோன்பு வேண்டாம்" என்கிறார். அவருக்கு நோன்பு தெரியாது. ஆலிம் "டாக்டர் சொற்படி நடங்கள்" என்கிறார். அது சரியான தீர்ப்பே. நடுவில் அந்தத் தாய் மாத்திரையை எப்போது போடுவதென்று தெரியாமல் தானாகவே ஒரு முறை வகுத்துக்கொள்கிறாள்.

உலகில் இதைக் கேட்டிருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு ரமலானைப் பற்றி மொராக்கோவிலிருந்து இந்தோனேசியா வரை 13 நாடுகளில், இந்தியாவும் அவற்றில் ஒன்று, 12,243 நீரிழிவு நோயாளிகளை விசாரித்தார்கள். முதிய வயதில் வரும் வகையினரில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பிருந்தார்கள். சர்க்கரை தாழ்ந்து ஆபத்தான மயக்கம் வருவது அவர்களிடம் ஏழரை மடங்காயிற்று. மாதத்துக்கு ஆயிரம் பேரில் 4 என்றிருந்தது 30 ஆயிற்று என்று சொன்னால் தெளிவாக விளங்கும். அஞ்சி எல்லோரையும் தடுக்க வேண்டிய எண் அன்று. கண்ணை மூடிக்கொள்ளத்தக்க எண்ணும் அன்று. யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்று பிரிக்க வேண்டிய எண். அந்தப் பிரிவினைக்கு உலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இலும் 2021இலும் வழிமுறை வகுத்தது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். ஆனாலும் நம் வீடுகளில் இன்றும் அந்த ஒரு துளி இரத்தத்துக்கு அஞ்சி மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி நம் ஊர்க் கேள்விகள். பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சி, அரிசியும் பருப்பும் தேங்காய்ப் பாலும் கறியும் சேர்ந்தது, ஒரு கோப்பை குடித்தால் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது? அரிசிக்குப் பதில் கோதுமை நொய்யோ கம்போ போட்டால் எவ்வளவு ஏறுகிறது? தராவீஹில் இருபது ரக்அத் நின்று தொழுவது அதில் எவ்வளவைத் தணிக்கிறது? ஜெர்மனிக்காரனுக்கு இந்தக் கேள்விகள் தோன்றா. தோன்ற வேண்டியதும் இல்லை. தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளில் பட்ட மேற்படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தோன்ற வேண்டும். அவர்கள் எப்படியும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். வழிகாட்டி நீட்டும் பழைய தலைப்பை வாங்கிக்கொண்டு சிவப்பு அட்டை கட்டுவதா, தம் உம்மாவின் கேள்வியை எடுத்துக்கொண்டு போவதா?

ஜமாஅத்துகளுக்கும் இதில் வேலை உண்டு. ஆண்டுதோறும் இலவச மருத்துவ முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த முகாமில் பார்த்த சர்க்கரை அளவுகளை யாராவது ஏட்டில் ஏற்றி அடுத்த ஆண்டு அதே ஆளைத் தேடிப் பார்த்தோமா? கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் நம் அறக்கட்டளைகள், அதில் ஒரு பங்கை ஆய்வேடு எழுதும் மருத்துவ மாணவருக்கு, சோதனைப் பட்டைகளும் புள்ளியியல் அறிந்தவரின் துணையும் கிடைக்கும் அளவுக்கு, ஒதுக்கலாம். விருந்துக்கு ஆகும் செலவில் சிறு துண்டு போதும். முத்தவல்லி ஒருவர் இசைந்தால் ஒரு மஹல்லாவில் நூறு குடும்பம் கிடைக்கும். கஞ்சிக் காய்ச்சும் அண்டாவும் அங்கேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மாணவர்கள் முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரியின் அறநெறிக் குழு கூடித் திட்டத்தைப் படித்து, ஒப்புதல் தாளின் தமிழைத் திருத்தி, அனுமதி தர மாதங்கள் ஆகும். ஷஅபானில் நினைத்துக்கொண்டு ஓடினால் அந்த ஆண்டு ரமலான் கைவிட்டுப் போய்விடும். ரஜப் பிறப்பதற்கு முன்பே மனு மேசைக்குப் போயிருக்க வேண்டும்.